நானெண்டா ஆர்?

கதவைத் தட்டிவிட்டு "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிற பழக்கம் எனக்கு. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன பழக்கம் வரும்? எங்கள் லேனில் கதவைத் தட்டுவதே அதிகப்படி மரியாதை. ஆனால் மிஸ்ஸிடம் அது எடுபடாது. தட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"நானெண்டா ஆர்?"

"ஸ்டெல்லா, மிஸ்."

"எந்த ஸ்டெல்லா?"

மாதாவே! அந்த மாடியில் வேலை செய்ததே மிஸ்ஸும் நானும்தான். மிஸ் படிப்பிப்பார், நான் மற்ற எல்லாம் செய்வேன். அப்படியிருந்தும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒவ்வொரு காலையும் நான் எந்த ஸ்டெல்லா என்று நிரூபித்துவிட்டுத்தான் என் கதிரையில் உட்கார்ந்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், புடைவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் தொலைக்கல்வி நிலையம். முகாமைத்துவப் பட்டத்துக்கு வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு உதவி செய்கிற இடம். சண்டையின் கடைசி வருடங்கள் அவை. கொழும்பில் இருந்தவர்கள் சனிக்கிழமை வகுப்புக்கு நேரில் வருவார்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியாக்காரர்களுக்குப் பயணம் பெரும்பாடு. சோதனைச்சாவடி, போய்வர பாஸ், பொலிஸ் பதிவு என்று ஆயிரம் இருந்தது. அவர்கள் கணினி வழியாகவே படித்தார்கள். வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தோம். பாடம் அதில் போகும், கேள்வி அதில் வரும், கட்டுரைகள் அதில் வந்து விழும். முகம் மட்டும் வராது. முகம் வராத மாணவர்களை, மாணவன் நேரில் வந்து நின்றாலே நம்பாத ஒரு மனுஷியிடம் கொடுத்தால் என்ன நடக்கும்?

மிஸ் வகுப்பைத் தொடங்கும்போது ஒவ்வொருவரையும் கேட்பார்: "இப்ப உங்க வெளியில மழையோ, வெயிலோ?" பாவம், அக்கறையாகக் கேட்கிறார் என்று அவர்கள் நினைப்பார்கள். மட்டக்களப்புப் பெண் "மழை மிஸ்" என்று எழுதினால், மிஸ் மெதுவாகப் போனை எடுத்து அதே ஊரில் இருக்கிற இன்னொரு மாணவனை அழைப்பார். "தம்பி, அங்க மழையோ?" இரண்டு வானமும் பொருந்தினால்தான் பாடம் தொடங்கும். ஒருமுறை பொருந்தவில்லை. ஒருவன் மட்டக்களப்பு என்று சொல்லிவிட்டுப் பம்பலப்பிட்டியில் மச்சான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்த அன்று மிஸ் எனக்குப் பட்டீஸ் வாங்கித் தந்தார். சந்தோஷப்பட்டு அவர் செலவழித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு கை அளவு. ஊர் நல்லூர்ப் பக்கம். ஒபிஸுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் கட்டினவரா, கட்டியவர் எங்கே, ஏன் கொழும்புக்கு வந்தார், எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஏன் கேக்கிறீர்?" கண்ணுக்கு முன்னால் ஊற்றாத தேத்தண்ணியைக் குடிக்கமாட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருக்கமாட்டார்.

பொட்டு ஒரு தனிக்கதை. ஒபிஸில் இருக்கும்போது நெற்றியில் கறுப்பு ஒட்டுப்பொட்டு இருக்கும். றோட்டில் பொட்டோடு போனால் தமிழ் என்று தெரிந்துவிடும் என்று வெளிக்கிடும்போது கழற்றிவிடுவார். அந்த நாளில் பலபேர் செய்ததுதான். ஆனால் மிஸ் கழற்றின பொட்டைக் கணினியில் இருந்த கமராவின் கண்ணில் ஒட்டிவிட்டுப் போவார். காலையில் வந்து அதை உரித்து நெற்றியில் வைப்பார். பசை போனால்தான் புதுப்பொட்டு.

"நிப்பாட்டி வச்ச கமரா பார்க்குமா மிஸ்?"

"நிப்பாட்டினதெண்டு அதுதானே சொல்லுது."

கீழே புடைவைக்கடை முதலாளி என்னைப் பிடித்துக் கேட்பார், அந்த மனுஷி நாள் முழுக்க ஆருடன் கதைக்கிறா, எங்க இருக்கிறீர், பக்கத்தில ஆர் எண்டெல்லாம் கேக்கிறாவே என்று. படிப்பிக்கிறா என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு மேலே ஏறும்போது எனக்கும் அதே கேள்விதான். வடக்கு கிழக்கில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இவ்வளவு கவனமாகக் கேட்டு வைக்கிற மனுஷி யாருக்காகக் கேட்டு வைக்கிறார்? இந்தப் பக்கத்துக்கா, அந்தப் பக்கத்துக்கா? ஊர் முழுக்க ஒருவரை ஒருவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நான் மட்டும் என்ன தேவதையா?

இனி ரமணன். அவனைச் சொல்வதற்கு முன் தமிழ் அடிக்கிற கதையைச் சொல்லவேண்டும்.

அப்போது கணினியில் தமிழ் அடிக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று பழைய வழி. ஆங்கில விசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் எழுத்தைப் பாடமாக்கி வைத்து விரலால் அடிப்பது. எம் விசையை அமுக்கினால் அனா வரும், கே விசையில் மனா. மற்றது புது வழி. சொல்லை வாயில் வருகிற மாதிரியே ஆங்கில எழுத்தில் அடித்தால் அது தமிழாக மாறும். பழைய வழியில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த எழுத்து போடாத கணினியில் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். புதுக் கணினி ஒன்று வந்தால் நாங்கள் முதலில் 'அம்மா' என்று அடித்துப் பார்ப்போம். எழுத்து இருந்தால் அம்மா வரும். இல்லாவிட்டால் எம், கே, செமிகோலன், கே, எச் என்று நிற்கும்.

ஒருமுறை அப்படிக் குப்பையாக அச்சடித்த கட்டுரை ஒன்று என் பையில் இருந்தது. சாவடியில் ஆமிக்காரன் எடுத்து விரித்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. இரகசியச் செய்தி என்று நினைத்திருப்பான். "கம்பியூட்டரேகட லெடக், அய்யே" என்று சொன்னேன். கணினிக்கு வருத்தம், சுகமில்லை அண்ணே என்று. என் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டான். மிஸ்ஸின் சிங்களமாக இருந்திருந்தால் அன்று வீடு வந்திருக்க முடியாது.

மிஸ் அந்தக் குப்பையை அப்படியே வாசிப்பார். எங்கள் வகுப்புப் பக்கம் பழைய எழுத்தை ஏற்காது. ஆனால் வவுனியா ரமணன் பழைய வழிக்காரன், அவன் எழுதுகிற எல்லாம் குப்பையாகத்தான் வரும். மற்றவர்கள் முறைப்பாடு சொல்வார்கள். மிஸ் பேப்பர் வாசிக்கிற மாதிரி வாசித்துப் பதில் எழுதுவார். வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான். ஒரே ஒரு பிழை விடுவான். தனாவும் மனாவும் பக்கத்துப் பக்கத்து விசை. அவன் விரல் எப்போதும் வழுக்கி, 'தலைமைத்துவம்' என்று அடிக்கவேண்டியது 'மலைமைத்துவம்' என்று விழும். மிஸ் அதை வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி எழுதிக் கேலி செய்வார். "மலை ஏறி முடிஞ்சுதோ, தம்பி?" அவர் பகிடி விட்ட ஒரே ஆள் அவன்தான்.

பட்டச் சோதனைக்குக் கொஞ்ச மாதம் இருக்கும்போது ரமணனின் கட்டுரை ஒன்று நல்ல தமிழ் எழுத்தில், வாசிக்கக்கூடிய மாதிரி வந்தது. எனக்குச் சந்தோஷம். மிஸ் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"ஸ்டெல்லா, இது அவர் இல்லை."

"ஐயோ மிஸ், புது வழிக்கு மாறியிருப்பான். நல்லதுதானே?"

"இஞ்ச பாரும். தலைமைத்துவம் சரியா எழுதியிருக்கு. ஆனா 'தொழிலாளர்' எண்டுறது 'தொலிலாலர்' எண்டு வந்திருக்கு. முந்தி இவர் விரலால பிழை விட்டவர். இது காதால விடுற பிழை. ழகரம் காதில விழாத ஆள் இது."

"மழைக் குளிருக்கு ஒரு போத்தல் சாராயம் அடிச்சிட்டு எழுதினானோ என்னவோ."

மிஸ் சிரிக்கவில்லை. அடுத்த கட்டுரையிலும் காதுப் பிழைதான். அடுத்ததிலும் அப்படித்தான். போன் எடுத்தால் கட் ஆகும். சோதனைக்குப் போக மிஸ் கையெழுத்துப் போட்டுச் சிபாரிசு செய்யவேண்டும். ரமணனுக்கு மட்டும் போடமாட்டேன் என்றுவிட்டார். "நேர வரட்டும். எனக்கு முன்னால இருந்து ஒரு பந்தி அடிச்சுக் காட்டட்டும். பிறகு போடுறன்" என்று அவனுக்கு எழுதினார்.

நான் சண்டை பிடித்தேன். உண்மையாகவே கத்தினேன். வவுனியாவிலிருந்து ஒரு இளந்தாரி கொழும்புக்கு வந்து போவது என்ன, கடற்கரைக்குக் கடலை கொறிக்கப் போகிற விஷயமா? "கள்ளனைப் பிடிக்கிறதுக்காக நல்லவனைச் சாவடியில நிப்பாட்டுறீங்க" என்றேன். மிஸ் கமராவில் பொட்டை ஒட்டிக்கொண்டே சொன்னார், "அவர் அவரெண்டா வரட்டுமன்."

வந்தான். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினான். அடுத்த நாள் காலை எங்களிடம் வருவதாக இருந்தது. விடியமுன் பொலிஸ்காரர் லொட்ஜுகளைச் சுற்றி வளைத்து, வந்ததற்குச் சரியான காரணம் காட்ட முடியாத பொடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒபிஸ் திறந்ததும் போன் அடித்தது. பொலிஸ். உங்களிடம் படிக்கிறேன் என்று ரமணன் என்று ஒருவன் சொல்கிறான், அடையாள அட்டையில் இருக்கிறது பள்ளிக்கூடப் பையனின் முகம், இவனுக்கோ தாடி. யாராவது நேரில் வந்து இவன்தான் என்று பொறுப்பெடுத்துக் கையெழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவோம். மேலிடத்துக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பதிவில் இருந்த ஸ்கேன் படத்தைத் திறந்து பார்த்தேன். கரிக்கட்டி. அதைக் காட்டி என் தம்பியையும் ரமணன் என்று சொல்லலாம்.

மிஸ் அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார். "நான்தானே வரச்சொன்னனான்" என்றார். பொட்டைக் கழற்றிக் கமராவில் ஒட்டினார். குடையை எடுத்தார்.

ஓட்டோவில் கேட்டேன், "மிஸ், என்ன சொல்லப் போறீங்க?"

"பாக்காமல் என்னத்தைச் சொல்லுறது?"

"இது மார்க்ஸ் போடுற வேலை இல்ல, மிஸ். இல்லண்டு சொன்னா அவன் துலைஞ்சான்."

"ஓமெண்டு சொல்லி, நாளைக்கு அவர் வேற ஆரோ எண்டு தெரிய வந்தா நானும் துலைஞ்சன். மொழிபெயர்க்கிற நீரும்."

அந்தோனியாரே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

பொலிஸில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் இளவயசுக்காரர். தூங்காத கண். எங்களுக்கு வாங்கு ஒன்றைக் காட்டி அதில் இருக்கச் சொன்னார். மரியாதையான மனுஷன்தான், அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சுவரோரம் இருந்த பொடியன் எழும்பி நின்றான். வெள்ளைச் சேட்டு போட்டிருந்தான், கழுத்தெல்லாம் வேர்வை. "குட் மோர்னிங் மிஸ்." குரலும் எங்களுக்குப் புதுசு.

"மெயாவ அந்துனனவாத?" என்று கேட்டார் அதிகாரி. இவரைத் தெரியுமா என்கிறார்.

"முகம் தெரியாது எண்டு சொல்லும்" என்றார் மிஸ்.

"மிஸ்!"

"சொல்லும். முகம் தெரியாது, எழுத்துத் தெரியும். ஒரு சொல் அடிக்க விட்டால் சொல்லுவன்."

சொன்னேன். அதிகாரி மிஸ்ஸை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் மேசைக் கணினியின் விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினார். அதில் தமிழ் எழுத்து இல்லை. அடித்தால் ஆங்கில எழுத்துத்தான் விழும்.

"தம்பி, தமிழ் எழுத்து இருக்கிறதா நினைச்சுக்கொள்ளும். எங்களுக்கு வழக்கமா அடிக்கிற மாதிரியே 'அம்மா' எண்டு அடியும்."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தேன். எம் விசை கீழ் வரிசையில் வலது பக்கம். ஏ விசை இடது ஓரம். விரல் இடது பக்கம் போனது. ஏ. எம். எம். ஏ.

இவன் விரல்காரன் இல்லை. மலைமைத்துவம் எழுதின ரமணன் இல்லை. மிஸ் முதல் நாளே சொன்னது சரி.

அதிகாரி திரைக்குக் குனிந்தார். "அம்மா" என்று வாய்விட்டு வாசித்தார். சிங்களத்திலும் அது அம்மாதானே. அவர் முகம் இளகிவிட்டது. "ஹரி, ஹரி. அம்மா" என்று, சரி சரி என்கிற மாதிரிச் சிரித்தார். பழைய ரமணன் வந்து பழைய வழியில் அடித்திருந்தால் அங்கே எம், கே, செமிகோலன் என்று நின்றிருக்கும். இரகசியக் குறி என்று அந்த நிமிஷமே அவனை உள்ளே தள்ளியிருப்பார்கள். சரியான ஆள் வந்திருந்தால் மாட்டியிருப்பான், பிழையான ஆளைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஷுவர்த, மிஸ்?" நிச்சயமா என்கிறார்.

மிஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் ஒருத்தரையும் பாஸ் பண்ணினதில்லை.

"ஓம்" என்றார் மிஸ். "இவர்தான்."

"ஔ சேர், மெயா தமய்" என்று என் வாய் சொன்னது. மிஸ் கையெழுத்து வைத்தார். மொழிபெயர்த்தவள் என்று எனக்கும் ஒரு இடம் இருந்தது, நானும் வைத்தேன்.

வெளியே வந்து ஓட்டோவுக்கு நின்றோம். பொடியன் மிஸ்ஸுக்குக் கிட்ட வந்தான். கண் கலங்கியிருந்தது.

"மிஸ், நான்..."

இப்போது வரும் என்று காத்திருந்தேன். நானெண்டா ஆர்? இந்த ஒரு இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி. கேளுங்கள் மிஸ், என் தலையும் இதில் போயிருக்கிறது, கேட்டுத் தொலையுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். மிஸ் கையை உயர்த்தினார்.

"வேண்டாம். சொல்லாதேயும். சோதனைக்கு நேரத்தோட வாரும்."

அவன் போன பிறகு கேட்டேன், "அவன் இல்லண்டு கண்டீங்கதானே?"

"கண்டனான்."

"பிறகேன்?"

"நான் இல்லையெண்டு சொன்னா, அப்ப நீ ஆரெண்டு அவையள் கேப்பினம். அவையள் கேக்கிற மாதிரி அந்தக் கேள்வியைக் கேக்க நான் விடேலாது, பிள்ளை." குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அவன் சோதனை எழுதினான். எல்லாப் பாடமும் பாஸ். சான்றிதழ் எடுக்க வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு நகரத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் எங்கள் மாடியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம். பேப்பரில் படம் வந்தால் நான் முதலில் தாடியைத்தான் பார்ப்பேன். எனக்கு மிஸ்ஸில் அப்படியொரு கோபம். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டுவிட்டு, சந்தேகப்படவேண்டிய ஒரே ஒருத்தனுக்கு என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டாரே! நித்திரை இல்லாமல் எத்தனையோ கதை கட்டிப் பார்த்தேன். தம்பியாக இருக்கும். கூட்டாளியாக இருக்கும். உண்மையான ரமணன் மூடின பாதைக்கு அந்தப் பக்கம், சண்டை நடக்கிற இடத்தில் மாட்டுப்பட்டிருக்க, இவன் அவனுடைய இடத்தைப் பிடித்து வைத்திருந்திருப்பான். அல்லது அந்தப் பெயர் வேறு எதற்கோ தேவைப்பட்டிருக்கும். மிஸ் என்ன நினைக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "ஏன் கேக்கிறீர்?" என்றார்.

பிறகு ஒரு மத்தியானம். நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புப் பக்கத்தில் ரமணன் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. ஒரு வரி விழுந்தது. ஆங்கிலக் குப்பை. ஈ, எச், டி, செமிகோலன். பழைய வழி. அதற்குள் எனக்கும் கொஞ்சம் வாசிக்கத் தெரியும். எச்சில் கையோடு எழும்பிப் போய் மிஸ்ஸின் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தேன்.

"நான். மலைமைத்துவம் பாசோ?"

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பழைய விசைகளில் விரலை வைத்து ஒரே ஒரு சொல் அடித்தார். பாஸ்.

"மிஸ், ஆரெண்டு கேளுங்க! மழையோ வெயிலோண்டாவது கேளுங்க!"

"தெரியும், பிள்ளை."

"என்ன தெரியும்? மலைமைத்துவத்தை வச்சு நீங்க பகிடி பண்ணினத வகுப்பே வாசிச்சது. ஆரும் அடிக்கலாம் மிஸ், பொலிஸும் அடிக்கலாம்!"

பச்சைப் புள்ளி போய்விட்டது. மிஸ் அழுதுகொண்டிருந்தார், சிரிக்கவும் செய்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. பின்னேரம் பையை எடுத்தார், குடையை எடுத்தார், படி இறங்கினார். நான் ஜன்னலால் எட்டிக் கத்தினேன்.

"மிஸ், பொட்டு!"

திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்புப் பொட்டோடு காலி வீதிப் பக்கம் நடந்து போனார்.

நான் வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன். மூடாத கமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழும்பிப் போய் அதன் வயரைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.